முட்டைத் தட்டில் சாவி

எனக்கு இரண்டு வேலை. பள்ளிச் சீருடை தைப்பது ஒன்று, என் தம்பியைத் திட்டுவது இன்னொன்று. முதல் வேலைக்கு மட்டும்தான் கூலி. அவனும் அவன் மனைவியும் கைக்குழந்தையும் கீழ் வீட்டில், நான் மாடியில். அவன் படுக்கையறைக்கு நேர் மேலேதான் என் தையல் மெஷின் இருக்கிறது. எங்கள் வீட்டுச் சண்டைகளில் பாதிக்கு இந்த அமைப்புதான் காரணம்.

தெருவில் எல்லோருக்கும் அவன் ரேடியோ. பட்டம் கொடுத்தது நான்தான். பேச்சு வந்த நாளிலிருந்து ஓயாத வாய். அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரிவில் இருக்கிறான். பெட்டி கேட்டு வரும் சின்ன முதலாளிகளை உட்கார வைத்துக் கதை கேட்பான். சோப்பு செய்கிறவர், பொம்மைக்குக் கண் செய்து விற்கிறவர், பூட்டுக்கடைக்காரர் என்று அவனுக்கு ஆள் பேதமே கிடையாது. கேட்ட கதை வீணாகப் போகக் கூடாது என்று ஒரு பாட்காஸ்ட் ஆரம்பித்தான். 'கல்லாவுக்குப் பின்னால்' என்று பெயர். திங்கட்கிழமை காலை, ஜனங்கள் காதில் மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பும் நேரத்துக்குச் சரியாக வந்துவிடும். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே இருக்கும். துணி வெட்டும்போது நானும் கேட்பேன். அவனிடம் சொன்னதில்லை, சொன்னால் தலைகால் புரியாது.

கேட்கிறவர்களுக்கு அது அரைமணி நேரப் பேச்சு. அவனுக்கு அது வாரம் முழுக்கப் பிடித்த பேய். ஆள் தேட வேண்டும், கெஞ்சிச் சம்மதிக்க வைக்க வேண்டும், கேள்வி எழுத வேண்டும், பதிவு செய்ய வேண்டும், இருமல் தும்மலை வெட்ட வேண்டும், படம் போட வேண்டும், கேட்டவர்களுக்குப் பதில் எழுத வேண்டும். அது முடிவதற்குள் அடுத்த திங்கள் வாசலில் நிற்கும். ஒரு வாரம்கூடத் தவறியதில்லை என்று பெருமை வேறு. குழந்தை பிறந்த அன்று ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்தவன் அவன். அன்றைக்கே நான் அந்த மைக்கை உடைத்திருக்க வேண்டும்.

பாவம், அவன் கல்நெஞ்சக்காரன் இல்லை. அப்படி இருந்தாலாவது நிம்மதியாக இருந்திருப்பான். ஆபீஸில் உட்கார்ந்தால் வெட்டாமல் கிடக்கும் பதிவு உறுத்தும். பதிவில் உட்கார்ந்தால் பெண்டாட்டி பிள்ளை முகம் உறுத்தும். பிள்ளையைத் தூக்கினால் பதில் போடாத நேயர் யாரோ உறுத்துவார். வீட்டுக்குள் நுழையும்போதே "சாரிம்மா" என்றுதான் நுழைவான். எதற்கு என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. கண்ணுக்குக் கீழே கருவளையம், சட்டைக் கழுத்தில் என் விரல் இரண்டு போகும். அளவெடுக்கிற கைக்கு இதெல்லாம் பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

அவன் பதிவு செய்கிற லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். துணி பீரோவைத் திறந்து, தொங்குகிற சேலைகளுக்கு நடுவே தலையை விட்டு, மேலே ஒரு போர்வையைப் போர்த்திக்கொள்வான். எதிரொலி வராதாம். விருந்தாளி அவரவர் இடத்திலிருந்து போனில் பேசுவார். அதற்கு முன்னால் வீட்டில் சத்தம் போடும் அத்தனையும் நிற்க வேண்டும். மின்விசிறி, சுவர்க் கடிகாரம், மாடியில் என் மெஷின். கடைசியாக, படுக்கையறைச் சுவரை ஒட்டி நிற்கிற ஃப்ரிட்ஜ். அதன் உறுமல் மைக்கில் விழும் என்று சுவிட்சை அணைத்துவிடுவான். மறுபடி போட மறந்துவிடாமல் இருக்க ஒரு வழி வைத்திருந்தான். கார் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் முட்டைத் தட்டில் வைத்துவிடுவான். சாவி இல்லாமல் வெளியே போக முடியாது, சாவியை எடுக்கப் போனால் ஃப்ரிட்ஜ் ஞாபகம் வரும். எந்த நிகழ்ச்சியிலோ யாரோ சொல்லிக் கொடுத்த உத்தியாம். அதுவரை அவனை அது கைவிட்டதில்லை.

அந்த ஃப்ரிட்ஜின் மேல் தட்டில், ஃப்ரீசரில்தான் குழந்தையின் பால் இருந்தது. தம்பி மனைவி விமானச் சரக்குக் கிடங்கில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். பிரசவ விடுப்பு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போயாக வேண்டும், மேற்கொண்டு ஒரு நாள் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அவளுக்குப் பால் குறைவு. அதிகாலையில் எழுந்து உட்கார்ந்து, மார்பில் பம்ப்பை வைத்து, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு பையாகச் சேர்த்து உறைய வைத்திருந்தாள். பையின் மேல் தேதி எழுதி, புத்தகம் மாதிரி நிற்க வைத்திருப்பாள். "அண்ணி, இது இருக்கிற தைரியத்துலதான் நான் வேலைக்குப் போறேன்" என்று ஒரு நாள் திறந்து காட்டினாள்.

அந்தத் திங்களுக்கு ஒன்பது நாள் முன்னால், ஒரு சனிக்கிழமை மதியம். விருந்தாளி ஒரு மெத்தைக் கம்பெனிக்காரர். தலைப்பு என்ன தெரியுமா? களைத்துப் போகாமல் தொழில் நடத்துவது எப்படி. இவன் கொட்டாவி விட்டுக்கொண்டே அதற்குக் கேள்வி எழுதியதை நானே பார்த்தேன். "ஆரம்பிக்கிறேன்க்கா" என்று செய்தி வந்தது. நான் மெஷினை நிறுத்திவிட்டுக் கையால் பட்டன் தைக்க உட்கார்ந்தேன்.

பாதிப் பதிவில் குழந்தைக்கு உடம்பு நெருப்பாகச் சுட்டிருக்கிறது. அறைக் கதவில் 'தட்டாதீர்கள்' அட்டை தொங்கியது. தம்பி மனைவி தட்டவில்லை. எனக்கும் குரல் கொடுக்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு தானே காரை ஓட்டிப் போய்விட்டாள். பதிவு முடிந்து வெளியே வந்தவன் போனைத் திறந்தால் செய்தி: 'குழந்தைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் இருக்கிறேன்.' அப்படியே வாடகை வண்டி பிடித்து ஓடினான். அங்கே ஒரு ராத்திரி இருக்கச் சொன்னார்கள். மறுநாள் மாலை, காய்ச்சல் இறங்கிய குழந்தையோடு திரும்பி வந்தார்கள். நான் சுடுசோறு வைத்துக்கொண்டு கீழே காத்திருந்தேன்.

பாலை எடுத்துச் சூடுபடுத்தலாம் என்று இவள்தான் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. மேல் தட்டில் பைகள் எல்லாம் தொளதொளவென்று ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடந்தன. ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தாள். பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒருமுறை உருகிய பாலை மறுபடி உறைய வைத்துக் கொடுக்க முடியாது. அத்தனையையும் தொட்டியில் ஊற்றினோம்.

நான் என் இரண்டாவது வேலையை ஆரம்பித்தேன். "களைப்பே வராம தொழில் பண்றது எப்படின்னு ஊருக்குப் பாடம் எடுத்தியே, உன் வீட்டு ஃப்ரிட்ஜ யாருடா போடுவா? மெத்தக்காரரு வந்து போடுவாரா?" என்று பிடித்தேன். வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். சாவியை வைத்தும் மறந்துவிட்டான் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன், ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனும் எதிர்த்துப் பேசவில்லை. "என் தப்புதான்க்கா" என்றான். ரேடியோ அப்படி ஒரே வரியில் நின்றதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மறுநாளிலிருந்து ஒரு வாரம் ஆபீசுக்கு லீவு போட்டான். ஏற்கெனவே அறிவித்துவிட்டதால் அந்த நிகழ்ச்சி மட்டும் வெளியே போய்விட்டது. பாராட்டு கொட்டியது. 'உங்கள் பேச்சு மனதுக்கு ஆறுதலாக இருந்தது' என்று யாரோ எழுதியதைப் படித்துவிட்டு, பின்கட்டில் போய் முகம் கழுவிக்கொண்டு நின்றான். அந்த வாரம் முழுக்க அவன்தான் பாத்திரம் தேய்த்தான், துணி காயப் போட்டான், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். பால் மாவு வாங்கி வந்து முதல் பாட்டிலை அவனே கொடுத்தான். குழந்தை துப்பியது, மறுபடி கொடுத்தான், துப்பியது. "சாரிடா செல்லம், சாரிடா" என்று அந்தக் குரல் மாடி வரைக்கும் வந்தது. எனக்கு மெஷினை மிதிக்கக் கால் வரவில்லை. கொஞ்சம் ஓவராகத்தான் திட்டிவிட்டோமோ என்று தோன்றியது, ஆனால் இறங்கிப் போய்ச் சொல்ல மனசு வரவில்லை.

வெள்ளிக்கிழமை மைக்கைப் பெட்டியில் போட்டு ஒட்டி, மேலே கொண்டு வந்தான். வெட்டும் மேசையில், சீருடைத் துணிக் கட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"யாருக்காவது குடுத்துடுக்கா. நிறுத்திட்டேன். எல்லாருக்கும் எழுதிப் போட்டுடறேன்."

"ரொம்ப சந்தோஷம்" என்றேன். சொன்ன பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தேன். சந்தோஷப்படுகிற மாதிரி இல்லை.

அதற்குள் இவள் குழந்தையோடு படியேறி வந்தாள். பெட்டியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"நிறுத்தாதீங்க. சாவிய எடுத்தது நான்."

அவன் புரியாமல் நின்றான்.

"அன்னிக்கு முட்டைத் தட்டுலேர்ந்து கார் சாவிய நான்தான் எடுத்துட்டுப் போனேன். கதவ திறந்தப்பவே உள்ள லைட் எரியல. நீங்க இன்னும் பேசிட்டிருக்கீங்க, முடிச்சதும் போட்டுடுவீங்கன்னு நினைச்சேன். நீங்க வந்து பாத்திருப்பீங்க, சாவி இருக்காது. நான் ஃப்ரிட்ஜ போட்டுட்டு சாவிய எடுத்தேன்னு நினைச்சிருப்பீங்க."

அவன் மெல்லத் தலையாட்டினான். "ஆமா. தட்டு காலியா இருந்துச்சு. பதட்டத்துல லைட்டக்கூடக் கவனிக்கல. சரி, போட்டாச்சுன்னு ஓடிட்டேன்."

"பாலப் பாத்த அன்னிக்கே எனக்குப் புரிஞ்சுபோச்சு."

எனக்குச் சுருக்கென்றது. "அப்ப ஏம்மா சொல்லல? நான் அவன அந்தக் கிழி கிழிச்சேனே, பக்கத்துலதானே இருந்த?" என்றேன்.

அவள் குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். சொல்ல அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

"இவர் வீட்ல இருந்தார் அண்ணி. கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்த வாரம்தான் முழுசா வீட்ல இருந்தார். தப்பு பண்ணிட்டோம்னு நினைச்சுதான் இருக்கார்னு தெரியும். இருந்தாலும் இருந்தார். சொல்லிட்டா மறுபடி பீரோக்குள்ள போயிடுவாரோன்னு பயமா இருந்துச்சு."

அவன் என் ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். கோபம் வரும் என்று நினைத்தேன், வந்தால் தடுக்கத் தயாராகக்கூட இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தூக்கினான்.

"ஃப்ரிட்ஜ நிறுத்தினது நான்தானே. கைய வெச்சுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். உம்மேல தப்பில்ல."

"இருக்கு" என்றாள் அவள்.

"இல்ல."

"போதும், ஆளுக்குப் பாதி எடுத்துக்கோங்க. கேக்காம கத்தினதுக்கு எனக்கும் ஒரு பங்கு வெச்சிடுங்க" என்றேன். எங்கள் குடும்பத்தில் நான் மன்னிப்புக் கேட்கிற அழகு அவ்வளவுதான். அவன் பெட்டியைப் பிரிக்காமலே தூக்கிக்கொண்டு கீழே இறங்கப் போனான். படியில் வைத்து அவள்தான் சொன்னாள்.

"நீங்க பேசுங்க. பேசாம இருந்தா உங்களுக்கு வேற வியாதி வந்துடும். ஆனா எங்க வீட்ட நிறுத்தி வெச்சுட்டுப் பேசாதீங்க."

அவள் திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். பாதி வேளை அவள் பால், பாதி வேளை பால் மாவு. குழந்தை மெல்லப் பழகிக்கொண்டது. பழகாதது இவன்தான். பாட்டிலைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அவன் முகம் ஒரு மாதிரி ஆகும், இன்றைக்கும் ஆகிறது. ஃப்ரிட்ஜைக் கடந்து போகும்போது கதவில் உள்ளங்கையை வைத்து அதிர்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போவான்.

வாராவாரம் என்பது போயிற்று. மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, இரண்டு பேரிடம் பேசிப் பதிவு செய்கிறான். அதையே இரண்டு வாரத்துக்கு ஒன்றாக வெளியிடுகிறான். குழந்தைக்கு உடம்பு சரியில்லையென்றால் அதுவும் கிடையாது, 'இந்த முறை இல்லை' என்று ஒரு வரி எழுதிவிடுகிறான். முதல் தடவை அதை எழுதிவிட்டு, திருடிவிட்டு வந்தவன் மாதிரி வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தான். ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் பேர் கேட்பதை விட்டுவிட்டார்கள், மற்றவர்கள் இருக்கிறார்கள். கதவில் அட்டை இல்லை. ஃப்ரிட்ஜ் ஓடுகிறது, மேலே என் மெஷினும் ஓடுகிறது. பின்னால் ஏதோ உறுமுகிறதே என்று ஒருவர் குறை எழுதினார். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ், நிறுத்த முடியாது என்று பதில் போட்டான்.

கடைசிக் கேள்வியையும் மாற்றிவிட்டான். முன்பெல்லாம் எல்லோரிடமும் வெற்றிக்குக் காரணம் என்ன என்று கேட்டு முடிப்பான், அவர்களும் உழைப்பு, நேர்மை என்று மளமளவென்று ஒப்பிப்பார்கள். போன தடவை பேசியவர் சலவைக்கடை நடத்துகிறவர், நல்ல வாயாடி, சிரிக்கச் சிரிக்கப் பேசினார். நான் காலர் வெட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். முடிவில் என் தம்பி கேட்டான்:

"இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. இதுக்காக உங்க வீட்ல எதை நிறுத்தி வெச்சீங்க?"

அந்த மனிதர் சிரிக்க ஆரம்பித்தார், நிறுத்திக்கொண்டார். அப்புறம் பேச்சே இல்லை. அவர் மூச்சு விடுவது கேட்டது, அதற்குப் பின்னால் எங்கள் ஃப்ரிட்ஜ் ஓடுவது கேட்டது. இருமலையும் தும்மலையும்கூட விட்டு வைக்காத என் தம்பி, அந்த மௌனத்தை வெட்டவில்லை. கடைசியில் அவர், "என் பொண்ணு கிட்ட கேக்கணும் தம்பி" என்றார். நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன்.