செப்டிக் டேங்க் குழிக்குள் எறும்புதின்னி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஊரப்பாக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தோம். மனைக்குப் பின்னால் ஒரு முள்கம்பி வேலி. அதைத் தாண்டினால் வண்டலூர் காப்புக்காடு. நான் தாம்பரத்தில் பள்ளி ஆசிரியை. சனிக்கிழமை கணவருக்கு அலுவலகம் உண்டு என்பதால், அன்றைக்கு வேலையை மேற்பார்வையிடுவது என் பொறுப்பு.

அந்தச் சனிக்கிழமை நான் போனபோது, மேஸ்திரியும் இரண்டு ஆட்களும் செப்டிக் டேங்குக்கு வெட்டிய குழியைச் சுற்றி நின்றிருந்தார்கள். உள்ளே, மூலையில், சின்னப் பலாக்காய் அளவில் ஒரு செதில் உருண்டை. எறும்புதின்னி. அதுவரை படத்தில்தான் பார்த்திருந்தேன். இரை தேடி வந்து விழுந்திருக்க வேண்டும். மேஸ்திரியின் கையில் கடப்பாரை இருந்தது.

அதன் கறி மூலத்துக்கு மருந்து, செதிலை வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். அரிய விலங்கு, கொன்றால் ஜெயில் என்றேன். யாரும் நகரவில்லை. அந்தப் பக்கம் மணல் சலித்துக்கொண்டிருந்த சித்தாள் அக்காவை, காட்டு முனையில் இருந்த வனக்காவலரின் கொட்டகைக்கு அனுப்பினேன். பூட்டிக் கிடக்கிறது என்று அரைமணியில் திரும்பி வந்தார்.

"டீச்சர், நம்ம குழியில வுழுந்துகீது. நீங்க போய் நெழல்ல குந்துங்க, நாங்க பாத்துக்கறோம்," என்றார் மேஸ்திரி.

அடுத்த வாரம் தளம் போட வேண்டும். இவரைப் பகைத்துக்கொண்டால் வேலை நின்றுவிடும். நிழலுக்குப் போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். பிறகு புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, கிடந்த காலிக் கோணி ஒன்றோடு ஏணியில் இறங்கினேன்.

இறங்கிய பிறகுதான் பயம் வந்தது. மேலே மூன்று தலைகள். ஏணியை எடுத்துவிட்டால் என்ன செய்வேன்? கோணிக்குள் உருண்டையைத் தள்ளினேன். செதில் விரலைக் கிழித்தது. உள்ளிருந்து உஸ்ஸென்று மூச்சு. கோணியைத் தோளில் போட்டுக்கொண்டு தட்டுத்தடுமாறி ஏறினேன். யாரும் கைகொடுக்கவில்லை, ஏணியையும் யாரும் தொடவில்லை.

வேலிக்குள் குனிந்து நுழைந்து, புதர்களுக்கு நடுவே நடந்து, கோணியைக் கவிழ்த்து உருண்டையை மண்ணில் விட்டேன். பின்னால் காலடிச் சத்தம். மேஸ்திரி, கடப்பாரையோடு.

"எதுக்கு வர்றீங்க?" என்றேன்.

"அது இப்பத்திக்கு அசையாது. நீங்க போனதும் நாய்ங்க கொதறிடும்."

"நான் போக மாட்டேன்."

அவர் பத்தடி தள்ளிக் குந்தினார். நானும் உட்கார்ந்தேன். உருண்டை அசையவில்லை. வெயில் சாயும்வரை நான் விலங்கைப் பார்க்கவில்லை. அவருடைய கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொழுது மங்கும்போது அது மெல்லப் பிரிந்தது. கூர்மூக்கு மண்ணை மோந்தது. பின்னங்கால்களை ஊன்றி ஆடி ஆடிப் புதருக்குள் போய்விட்டது. மேஸ்திரி எழுந்து, கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

திங்கட்கிழமை அவர் வரவில்லை. டீச்சர் தன்னைத் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்ததாகவும், நாய் வந்தால் விரட்டத்தான் தான் கூடப் போனதாகவும் சொன்னாராம். சித்தாள் அக்காதான் இதைச் சொன்னார். நம்புவதா கூடாதா என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று இரண்டு முறை அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டு முறையும் அவர் இல்லை என்றார்கள். வேறு மேஸ்திரி கிடைப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தை பிறந்த பிறகுதான் தளம் போட்டோம்.