ஆசாவின் இடக்கைப் பக்கம்

முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, வெயிலைக் கல்லறைக் கல்லின் மேல் பக்கவாட்டில் விழவைக்கிறாள் ஆர்டித் ஸ்ட்ரௌட். தேய்ந்துபோன எழுத்து நிழலோடு எழும்பி வருகிறது. “வந்தியா வழிக்கு” என்று கல்லிடம் சொல்லிவிட்டு, கண்ணாடியைச் சட்டை முனையில் துடைத்துக்கொண்டு அடுத்ததுக்குப் போகிறாள். முட்டி மடங்காது. எழுந்திருக்க அந்தக் கல்லையே பிடித்துக்கொள்வாள், அதற்கு உள்ளே இருப்பவரிடம் மன்னிப்பும் கேட்பாள்.

பிழைப்புக்கு எங்கள் ஊர்த் தானியக் கிடங்கில் எடை போடுகிறாள். அறுவடைக் காலத்தில் கோதுமை லாரிகள் சாலை வரைக்கும் நிற்கும். அவளுக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் கிடையாது. ஜன்னலிலிருந்து தலையை நீட்டி, “ஏம்ப்பா க்ளீட்டஸ், ஒம் மாமியார் பொறந்த வீடு ஓடைக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?” என்று என்னைக் கேட்பாள். பின்னால் இருப்பவன் ஹாரன் அடித்தால், “அடிக்காதடா. நீயும் இவனும் ஒரு வகையில அண்ணன் தம்பி. சும்மா நில்லு” என்பாள். ஜென்மப் பகையாளிகள் இரண்டு பேரை இப்படித்தான் சொந்தக்காரர்களாக்கி, இருவரிடமும் வசவு வாங்கினாள். நெப்ராஸ்காவில் எங்கள் மாவட்டத்தில் அவள் குலம் விசாரிக்காத பிணம் இல்லை.

எல்லாம் லவினாவுக்காக ஆரம்பித்தது. இந்தப் புல்வெளியில் முதலில் குடியேறியவர்களில் ஒருத்தி, ஆர்டித்தின் கொள்ளுப்பாட்டி. புல்லை மண்ணோடு கட்டி கட்டியாக வெட்டி வீடு கட்டியவள். தீ பரவி வந்தபோது உழுத நிலத்தின் நடுவில் பிள்ளைகளை உட்காரவைத்து, ஈரக் கம்பளியால் மூடி, மேலே தான் படுத்துக்கொண்டவள். ஸ்ட்ரௌட் குடும்பத்தில் பால்குடி மறக்காத குழந்தைக்கும் இந்தக் கதை தெரியும். லவினாவின் அப்பன், பாட்டன் என்று ஒஹாயோ, பென்சில்வேனியா, அப்புறம் கடலுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் நாற்பது வருஷம் தேடிப் போனாள் ஆர்டித். கல்யாணம் பண்ணிக்கொள்ளக்கூட அவளுக்கு நேரம் இருக்கவில்லை.

இந்த வசந்தத்தில் குடும்பமே சேர்ந்து லவினாவுக்குப் புதுக் கல் வைக்க முடிவு செய்தது. ‘நம் எல்லோருக்கும் தாய்’ என்று வெட்டக் கொடுத்தாகிவிட்டது. கல்லை நட எங்கே குழி தோண்டுவது என்று பார்க்க அவளும், சித்தப்பா மகன் மெர்லும், நானும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். லவினாவின் கணவன் ஆசாவின் காலடியில் நின்றவள் நின்றவள்தான்.

“லவினா ஏன் இவருக்கு வலக்கைப் பக்கம் படுத்திருக்கா?” என்றாள்.

எனக்குச் சுரீரென்றது. எங்கள் பக்கத்தில் மனைவியைக் கணவனின் இடக்கைப் பக்கம்தான் புதைப்பார்கள், கல்யாணத்தில் நின்ற அதே வரிசையில். வருஷா வருஷம் பூ வைத்திருக்கிறோம், ஒருத்தன் கண்ணிலும் படவில்லை. ஆசாவின் இடக்கைப் பக்கம் வெறும் புல். ஆர்டித் காரிலிருந்து வளைத்த இரண்டு கம்பிகளைக் கொண்டுவந்தாள். அடையாளமில்லாத குழியின் மேல் போனால் அவை தாமாகக் குறுக்கே விழும் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. விழுந்தன. மெர்ல் இரும்புக் கடப்பாரையால் குத்திப் பார்த்தான். ஓரத்தில் புல்லைப் பெயர்த்தால், அடியில் ஒரு தட்டைக் கல், வயலில் கிடைக்கிற கல். எழுத்து ஒன்றுமில்லை.

ஆர்டித் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். “நம்ம தாத்தா இங்க வர்ற வழியில மாட்டு வண்டியிலேயே நடை பழகினாருன்னு சொல்லுவோம். லவினா கல்யாணந்தான் இங்க நடந்த மொதக் கல்யாணம்னும் சொல்லுவோம். ரெண்டையும் ஒரே சாப்பாட்டு மேசையிலதானடா சொன்னோம், மெர்ல். கல்யாணத்துக்கு முன்னாடியே நடை பழகின பிள்ளைய யாரு பெத்தா?”

மெர்ல் தொப்பியைச் சரி செய்தான். “பெத்தவ எவளோ. வளத்தவ இவதானக்கா. கல்லு வெட்டியாச்சு, விடு.”

“லவினாவ எடுக்கச் சொல்லலடா. இங்க கீழ கெடக்கிற இவளையும் சேருன்னுதான் சொல்றேன்.”

“பேரு என்னன்னு வெட்டறது?”

எழுத்தில்லாத அந்தக் கல்லைக் கையால் தடவிப் பார்த்தாள்.

திரும்பும்போது என் வண்டியில் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். “நாப்பது வருசமா ஊரான் வீட்டு அப்பனத் தேடியிருக்கேன், க்ளீட்டஸ். அலுத்துப்போச்சு. இவ எந்த ஊருன்னுகூடத் தெரியாது. இனிமே நான் எங்கேருந்து ஆரம்பிக்கிறது?” விட்டுத் தொலை என்று சொல்ல வாயெடுத்தேன். அடுத்த சனிக்கிழமையே மலிவு டிக்கெட்டில் அயோவாவுக்குப் பஸ் ஏறினாள், அந்தக் காலத்து மாட்டு வண்டிகள் வந்த பாதையில் இருக்கிற தேவாலயங்களை விசாரிக்க. வெறுங்கையோடு வந்தாள். மறுபடி போனாள்.

மே மாதக் கடைசியில், கல்லறைகளுக்குப் பூ வைக்கிற நாளில், கல் நின்றது. எங்கெங்கோ இருந்து ஸ்ட்ரௌட்டுகள் வந்திருந்தார்கள். பொரித்த கோழி, உருளைக்கிழங்கு சாலட், கரகரக்கும் ஒலிபெருக்கி. லவினாவின் தீக்கதையை மெர்ல்தான் சொன்னான், நன்றாகவே சொன்னான். ஆர்டித்தும் கை தட்டினாள். பிறகு எல்லோரையும் போட்டோவுக்கு நிறுத்தினார்கள். கூட்டம் பெரிது. வரிசை ஆசாவைத் தாண்டி அவர் இடக்கைப் பக்கமும் நீண்டது. வேலியோரமாக ஒதுங்கி நின்ற ஆர்டித்தை, “நீ இல்லாமலா?” என்று கூப்பிட்டார்கள்.

நடந்து வந்தாள். தனக்கு விட்டிருந்த நடு இடத்துக்குப் போகாமல், மெர்லின் முழங்கையைத் தொட்டாள்.

“கொஞ்சம் தள்ளி நில்லுடா. நம்மளப் பெத்தவ மேல நிக்கிற.”

மெர்ல் குனிந்து புல்லைப் பார்த்தான். ஒரு காலைத் தூக்கினான், பிறகு மற்றதை. அவன் நகர, அவனை அடுத்து நின்றவர்களும் ஏன் என்று கேட்காமல் ஒவ்வொருவராக நகர்ந்து, ஓர் ஆள் படுக்கிற அகலத்துக்கு வரிசையில் இடம் விட்டார்கள்.