வெள்ளையில் என்ன சாயம்

வெள்ளவத்தையில் கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் இருக்கும் பைறோஸாவிடம் சிவப்புத் துணியைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறந்துவிடக் கூடாது. திறந்தால் தேத்தண்ணி ஆறிப்போகும். பழைய உடுப்புகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, பொருத்திப் போர்வை தைப்பது அவள் தொழில். அவள் தைத்த போர்வையில் ஒரு நிறம் இன்னொரு நிறத்தின்மேல் ஏறியதில்லை என்பது அவளுடைய பெருமை. அதை அவளே எல்லோருக்கும் சொல்லிவிடுவதால் மற்றவர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை.

உப்பும் வினாகிரியும் போட்டால் சாயம் பிடித்துக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். மீனையா ஊறப்போடப் போகிறீர்கள் என்று கேட்பாள். அவள் வழி வேறு. வெட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு நிறத்துணிக்கும் தனி வாளி. தண்ணீர் தெளிவாக வரும்வரை சவர்க்காரம் போட்டு அலசுவாள். பிறகு ஈரத்தோடு அதை ஒரு வெள்ளைக் கைக்குட்டையின்மேல் விரித்து அயன் பண்ணுவாள். கைக்குட்டையில் சாயம் ஏறினால் துணி திரும்ப வாளிக்குள் போகும். எத்தனை தரம் அலசினாலும் அடங்காத துணியை, இது எங்கட போர்வைக்குச் சரிவராது என்று கொண்டுவந்தவரிடமே கொடுத்துவிடுவாள்.

வெள்ளைக்கு இந்தச் சோதனை எதுவும் கிடையாது. வெள்ளையில் என்ன சாயம்? சுடுதண்ணீரில் சவர்க்காரத்தூள் போட்டு ஊறவைத்தால் முடிந்தது.

பக்கத்து ஒழுங்கை நாகேஸ்வரி ஒரு பையோடு வந்தாள். அவளுடைய மகள் மிதுனா பள்ளிக்கூடம் முடித்து, மேற்படிப்புக்கு மெல்பேர்ன் போகவிருந்தாள். பிள்ளை அங்கே போர்த்திப் படுக்க, அவளுடைய பள்ளி உடுப்புகளிலேயே ஒரு போர்வை வேண்டும் என்றாள் தாய். பைக்குள் மெரூன் கழுத்துப்பட்டி, பள்ளி இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டிக்குப் போட்ட சிவப்பு ரீசேர்ட், வெள்ளைச் சீருடை எல்லாம் இருந்தன. சீருடையின் முதுகில் கடைசி நாள் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள், அந்தத் துண்டுதான் நடுவில் வர வேண்டும் என்று நாகேஸ்வரி விளக்கமாகவே சொன்னாள். மிதுனா அதைப் போட்டுக்கொண்டு முதுகைக் காட்டி நிற்கும் போட்டோவும் வட்ஸ்அப்பில் அனுப்பினாள். பைறோஸாவோ கழுத்துப்பட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபடி, மெரூன் என்பது சிவப்பை விடப் பெரிய கள்ளன் என்று விரிவுரை நடத்திக்கொண்டிருந்தாள். நாகேஸ்வரி சொன்னதற்கெல்லாம் ம்ம் போட்டாள். ம்ம் போடுவதற்குக் காது தேவையில்லையே.

அந்த மெரூனோடு அவள் மல்லுக்கட்டியதைச் சொல்லி மாளாது. வாளிக்கு வாளி பீட்ரூட் சாறு மாதிரித் தண்ணீர். ஒருவழியாகக் கைக்குட்டை வெள்ளையாகவே நின்றபோது, போர் முடித்த ராணி மாதிரி எழுந்து, ஊறிக்கொண்டிருந்த சீருடையை எடுக்கக் குளியலறைக்குப் போனாள்.

நாகேஸ்வரி அதை உட்புறம் வெளியே தெரிய மடித்துக் கொடுத்திருந்தாள். பைறோஸா மடிப்பைக் குலைக்காமலே ஊறப்போட்டிருந்தாள். இப்போது பிழிவதற்காகப் புரட்டினாள். முதுகெல்லாம் நீலமும் ஊதாவுமாக மேகம் பரவியிருந்தது. பால்பொயின்ட் பேனையால் எழுதிய சில பெயர்கள் மட்டும் மங்கலாகத் தப்பியிருந்தன. மார்க்கரால் எழுதிய மற்றதெல்லாம் கரைந்து போயிருந்தது. நாகேஸ்வரி சொன்ன ஒவ்வொரு சொல்லும் அப்போதுதான் அவள் காதுக்குள் வந்து சேர்ந்தது.

யானைக்கும் அடி சறுக்கும் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் வழியில் போகிற எல்லோருக்கும் நடக்கப் படிப்பித்துக்கொண்டிருந்த யானையல்லவா இது. உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் தொலைபேசியை எடுத்தாள். நாகேஸ்வரி அவளைப் பேச விடவில்லை.

"பைறோஸா அக்கா, நானே கோல் எடுக்க இருந்தனான். அந்த யூனிபோர்ம் கவனம். அதில எழுதின சஹ்லா, மகளின்ர உயிர்ச் சிநேகிதி, டெங்கு வந்து இறந்து போயிட்டா. மகளிட்ட அந்தப் பிள்ளையின்ர கையெழுத்தெண்டு வேற ஒண்டும் இல்லை."

பைறோஸா சுவரில் சாய்ந்துகொண்டாள். சொல்ல நினைத்ததற்குப் பதிலாக வெளியே வந்தது வேறொன்று.

"பத்திரமா ஈக்கிது தங்கச்சி. பயப்படாதீங்க."

ஏன் அப்படிச் சொன்னாள்? அந்தத் தாயின் மனம் நோகும் என்றா? இல்லை. பைறோஸாவே சாயம் போகவிட்டாளாம் என்று ஊர் சிரிக்கும் என்ற பயம்தான். அது அவளுக்கே தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க உட்கார்ந்தாள்.

நீலம் போகும்வரை சீருடையைக் கழுவி உலர்த்தினாள். துணியில் எழுதுகிற பேனை வாங்கிவந்து, வட்ஸ்அப் போட்டோவைப் பெருப்பித்துப் பார்த்து, ஒவ்வொரு பிள்ளையின் எழுத்தையும் போல எழுதினாள். சாய்ந்த எழுத்து, உருண்ட எழுத்து, பூப்போட்ட எழுத்து எல்லாம் ஓரளவு வந்தன. சஹ்லாவின் வரி படத்தில் மிதுனாவின் பின்னலுக்குப் பக்கத்தில் நிழலில் கிடந்தது. சொற்கள் புரிந்தன, எழுத்தின் வடிவம் புரியவில்லை. 'என்னை மறந்தா வந்து ஒதப்பேன் – சஹ்லா.' அதைத் தன் கைப்போக்கிலேயே எழுதினாள். எழுதியதை அயன் பண்ணி, கழுவியும் பார்த்தாள். மை அசையவில்லை. இந்தத் தடவை மட்டும் வெள்ளையைச் சோதிக்க அவள் மறக்கவில்லை.

போர்வையை வாங்கத் தாயும் மகளும் சேர்ந்து வந்தார்கள். மிதுனா அதைக் கட்டிலில் விரித்து, ஒவ்வொரு பெயராக வாசித்துச் சிரித்தாள். சஹ்லாவின் வரிக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. குனிந்து அதன்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். நாகேஸ்வரி பைறோஸாவின் கையைப் பிடித்து, உங்களை எங்கட வீட்டில் மறக்க மாட்டோம் அக்கா என்றாள். பைறோஸாவுக்குக் கையை உருவிக்கொண்டு ஓட வேண்டும் போலிருந்தது. எங்கே ஓடுவது, அது அவளுடைய வீடு.

மிதுனா நிமிர்ந்து, மேசையில் கிடந்த பேனையை எடுத்து நீட்டினாள்.

"ஆன்ட்டி, நீங்களும் உங்கட பேரை எழுதுங்கோ. இதைத் தைச்சது நீங்கள்தானே. சஹ்லாவுக்குக் கீழ இடம் இருக்கு."

பைறோஸா பேனையை வாங்கினாள். மாட்டேன் என்று சிரித்து மழுப்பியிருக்கலாம். எழுத்தைக் கொஞ்சம் சாய்த்து, வேறு யாரோ எழுதியது போல எழுதிவிடவும் அவளால் முடியும். அதைக்கூட ஒரு கணம் நினைத்தாள். இத்தனையும் செய்த பிறகும் இன்னும் அதையே நினைக்கிறேனே என்று தன்மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது. குனிந்து, தன் வழக்கமான கைப்போக்கில், எதையும் மாற்றாமல் பைறோஸா என்று எழுதினாள்.

மிதுனா அதைப் பார்த்தாள். மேலே இருந்த வரியைப் பார்த்தாள். திரும்பவும் கீழே பார்த்தாள். இரண்டு பெயர்களும் ஒரே மாதிரி, கடைசி எழுத்தின் கால் நீண்டு கீழே இழுபட்டு முடிந்திருந்தன.

"இதில எது, ஆன்ட்டி, சஹ்லா எழுதினது?"

"ஒண்டுமே அவ எழுதினதில்ல, மகள்."

நாகேஸ்வரி ஒன்றும் விளங்காமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மிதுனா, சற்று முன் துணியில் வைத்திருந்த கன்னத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.