அன்னாசிக்குப் பதில் மாங்காய்

பாண்டிச்சேரியிலிருந்து வரும் எங்கள் பஸ் பெருங்களத்தூர் நெரிசலில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. டிரைவர் நிதானமாகக் கேசட்டை மாற்றுகிறார். என் பக்கத்து இருக்கையில் ஒரு பிரெஞ்சுப் பெண். ஜன்னலுக்குக் கீழே ஒரு பழக்காரி. அவள் கூடையில் மிளகாய்ப்பொடி தூவிய அன்னாசித் துண்டுகளும் கீறிய மாங்காயும்.

"பைனாப்பிள்" என்று பிரெஞ்சுப் பெண்ணுக்குப் பெருமையாக விளக்குகிறேன். அவள் எட்டிப் பார்த்து, தன் பாஷையில் "அனனாஸ்!" என்று கூவுகிறாள்.

பழக்காரிக்கு ஒரே குஷி. "அந்தக்கா தமிழ் பேசுது. நீ இன்னா சார், இங்கிலீசு பேசிகினு கீற?"

அடுத்து மாங்காயைத் தூக்கிக் காட்டுகிறாள்.

"மாங்க்!" என்கிறாள் பிரெஞ்சுப் பெண்.

பஸ்ஸே சிரிக்கிறது. நான் விடுவேனா? அன்னாசி பிரேசில் காட்டுவாசிகளின் சொல், போர்த்துகீசியக் கப்பலில் இங்கே வந்தது, திரும்பிப் போன கப்பலில் நம் மாங்காய் பெயரோடு ஏறிக்கொண்டது என்று ஜன்னல் வழியாகவே சொல்லி முடிக்கிறேன்.

பஸ் உறுமுகிறது. பிரெஞ்சுப் பெண் காசை நீட்ட, பழக்காரி அவசரமாக அன்னாசிப் பொட்டலத்தின் மேல் ஒரு மாங்காய்க் கீற்றை வைத்து அவளிடம் நீட்டுகிறாள்.

"மாங்கா சும்மாவா? எனக்கு?" என்று கேட்கிறேன்.

"அவுங்க அன்னாசி குட்த்தாங்க, நாம மாங்கா குட்த்தோம். நீ இன்னா சார் குட்த்த? பைனாப்பிள்!"