விழித்திருந்த நரம்பு

அவளுக்கு வலித்தது. எனக்கு அது தெரியும். வலிக்கவில்லை என்று சொன்னவன் நான்தான்!

முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி... நான் நினைத்துக்கொள்வதைவிட மோசமாக உங்களால் நினைக்க முடியாது.

எழுபதுகளின் கடைசி. இலங்கை மலைநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டராக இருந்தேன். பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து அந்தோனியம்மா என்பவளைக் கொண்டுவந்தார்கள். கொழுந்து எடுக்கும்போது சறுக்கி, மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்து, தோளுக்குக் கீழே எலும்பு முறிந்து வெளியே தெரிந்தது. வயிறு நிறைய ரொட்டி தின்றிருந்தாள். முழு மயக்கம் கொடுத்தால் வாந்தி நெஞ்சுக்குள் போய்விடும். கழுத்தில் ஊசி போட்டுக் கையை மட்டும் மரக்கச் செய்யலாம் என்றேன். புதிதாகக் கற்றுவந்த வித்தை அது. காட்டிக்கொள்ள ஆசை!

கழுத்தின் பக்கத்தில் இரண்டு தசைகளுக்கு நடுவே ஒரு சந்து உண்டு. கைக்குப் போகும் நரம்புகள் அதன் வழியாகத்தான் இறங்கும் என்கிறது புத்தகம். ஊசி நரம்பைத் தொட்டதா என்பதை நோயாளிதான் சொல்ல வேண்டும். அன்று எங்களுக்கு வேறு வழியில்லை.

"கையில கரண்ட் அடிச்ச மாதிரி இருக்கா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க ஐயா."

அவள் குடியிருந்த லயத்தில், தோட்டத்துக் கூலி வரிசை வீட்டில், ஏது கரண்ட்! நானும் லயத்தில் பிறந்தவன், குப்பி லாம்பில் படித்தவன். விடியற்காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் துரை எதைக் கேட்டாலும் ஆமாங்க என்றே சொல்லிப் பழகிய சனம் நாங்கள் என்பது எனக்குத் தெரியாதா? ஆனால் ஆஸ்பத்திரியில் நான் கண்டி டவுன்காரன் என்று சொல்லிக்கொண்டவன். லயத்தை அறியாதவன் என்று நாலு பேர் நம்ப வேண்டுமே! அதனால் வேறு விதமாகக் கேட்கவில்லை. தோலைக் குத்திப் பார்ப்பதையும் அரைகுறையாகவே செய்தேன்.

"மரத்துருச்சா?"

"ஆமாங்க."

கத்தி பட்டதும் அவள் உடல் முறுக்கிக்கொண்டது. கத்தவில்லை. "மாதாவே... மாதாவே..." என்றாள். சர்ஜனுக்குத் தமிழ் தெரியாது. நிமிர்ந்து, இவளுக்கு வலிக்கிறதா என்று என்னைக் கேட்டார். அந்த அறையில் அவள் பேச்சு விளங்கியவன் நான் ஒருவன்தான்.

"இல்லை சேர். செபம் சொல்கிறாள்."

பாவி! கொஞ்சம் நிறுத்துங்கள் என்று சொல்லியிருந்தால் போதும். வெட்டும் இடத்திலேயே மருந்து போட்டிருக்கலாம். உன் ஊசி பலிக்கவில்லையா என்று அவர் கேட்டுவிடுவாரோ என்ற பயம்... வேறொன்றுமில்லை.

பிறகு எனக்கொரு சாக்கு கிடைத்தது. சிலருக்கு மேல் நரம்பு அந்தச் சந்தில் இராதாம். தசையைத் துளைத்துக்கொண்டோ, அதற்கு முன்புறமாகவோ போகுமாம். மருந்து சந்தில் தேங்கி நிற்க, நரம்பு அப்பால் விழித்திருக்கும். எண்பதுகளில் இளம் டாக்டர்களுக்கு அவளையே உதாரணம் காட்டினேன். "அவளுடைய நரம்பு வழிமாறி ஓடியது!" யார் அறுத்துப் பார்த்தார்கள்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சரி, வழிமாறியே ஓடியிருக்கட்டும்... அவள் மாதாவை அழைத்தது என் காதில் விழவில்லையா?

சில மாதங்களில், முறிந்த எலும்பைச் சேர்க்கக் கம்பி வைத்த இடத்தில் சீழ் பிடித்துவிட்டது. மறுபடி திறந்தால் கையைக் காப்பாற்றலாம். குறித்த நாளில் அவள் புருஷன் சவரிமுத்து மட்டும் வந்து நின்றான்.

"அவ எங்க?"

"வர மாட்டேங்குறா ஐயா. வெக்கப்படுறா."

"என்ன வெக்கம்?"

"அன்னைக்கு மரத்துருச்சான்னு ஐயா கேட்டப்ப, ஆமான்னு பொய் சொல்லிட்டாளாம். ஐயா வேலையக் கெடுத்துட்டேனே, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வாறதுன்னு அழுவுறா. ஐயா மன்னிக்கணும்."

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? பொய் சொன்னவன் நான்தான் என்று அவன் கையைப் பிடித்திருக்க மாட்டீர்களா?

நான் சொன்னது இதுதான்: "சரி சரி. இனிமே டாக்டர்கிட்ட பொய் சொல்லக் கூடாதுன்னு சொல்லு."

அவன் கும்பிட்டுவிட்டுப் போனான்.

அவள் வரவேயில்லை. அந்தத் தோட்டத்துக்கு பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நானும் ஏறிப் போகவில்லை. கை விறைத்துப்போய், கொழுந்து எடுக்க முடியாமல், தோட்டத்து வேலைப் பதிவிலிருந்து அவள் பேரை வெட்டிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். பின்னர் அவள் இறந்தும் போனாளாம்.

கடைசிவரை தன்னைப் பொய்க்காரி என்றே அவள் நம்பியிருப்பாள்... நான் அவளை மன்னித்துவிட்டேன் என்றும்!