விட்டுப் படித்த பக்கம்

புதுக்கோட்டையில் அந்தப் புத்தகக் கடைக்கு நான் வெறும் வாசகியாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். என் முதல் சிறுகதைத் தொகுப்பு வெளிவந்ததும் கடைக்காரர், "ஞாயித்துக்கிழமை கூட்டத்துல ஒரு கதைய நீங்களே வாசிங்க" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். எந்தக் கதை என்பதை அவரே முடிவுசெய்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். பார்த்ததிலிருந்து எனக்கு இருப்பே கொள்ளவில்லை. அது என் அக்காவின் கதை.

அக்காவை அறந்தாங்கிப் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. மச்சான் அப்போது குவைத்தில் இருந்தார். ஒருமுறை நான் அங்கே தங்கியிருந்தபோது, அவள் மாடிப்படியில் உட்கார்ந்து போனில் பேசுவதைப் பார்த்தேன். மாடு கன்று போட்டது, மோட்டார் கெட்டுப்போனது, மகனின் மார்க்கு. ஒரு தடவைகூட நிறுத்தி, அந்தப் பக்கம் என்ன சொல்கிறார் என்று அவள் கேட்கவில்லை. லைன் கட்டான பிறகும் தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். அதைத்தான் எழுதினேன். அவளிடம் சொல்லவில்லை.

கூட்டத்துக்கு அக்காவையும் பேச்சுக்குக் கூப்பிட்டுப் பார்த்தேன். "நடவு நடக்குது, எங்கிட்டு வாரது?" என்றாள். அப்பாடா என்றிருந்தது.

அன்றைக்குக் கடையின் மாடியில், அலமாரிகளுக்கு நடுவே நாற்காலி போட்டிருந்தார்கள். நான் கீழே போவதும் மேலே வருவதுமாக இருந்தேன். தண்ணீர் குடித்துக் குடித்து வயிறு நிறைந்துவிட்டது. ஒருவழியாக வாசிக்க ஆரம்பித்து இரண்டாம் பக்கத்தைத் திருப்பும்போது, அக்கா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மாடிப்படிக் காட்சி வந்தது. அந்தப் பக்கத்தை அப்படியே தாண்டி அடுத்ததற்குப் போனேன். முன்வரிசையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் புத்தகத்தை மடியில் வைத்துக் கூடவே படித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, ஒரு பக்கம் விட்டுட்டீங்க போலருக்கே?"

"நேரமாச்சு சார், அதான்..."

"அதையும் படி" என்று பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. "அதுக்குத்தான் பஸ் ஏறி வந்தேன்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "நான் இவ அக்கா" என்றாள்.

படித்தேன். தலையைத் தூக்கவே இல்லை. முடிந்ததும் என்ன பேசினார்கள், நான் என்ன பதில் சொன்னேன், ஒன்றும் நினைவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது கேட்டேன். "எப்பக்கா படிச்ச?"

"புத்தகம் வந்தப்பவே. தம்பி வாங்கியாந்தான்." மகனை அவள் அப்படித்தான் சொல்வாள்.

"ஏன் எங்கிட்ட ஒண்ணும் சொல்லல?"

"எழுதுறப்ப நீ எங்கிட்ட சொன்னியா?"

கொஞ்ச தூரம் நடந்தோம். பிறகு அவளே சொன்னாள். "நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா அன்னைக்கி லைன் கட்டாகல. அவரு இருந்தாரு. கூட வேலை பாத்தவரு சாரத்துலேருந்து விழுந்து செத்துப்போய்ட்டாரு. இவருக்குப் பேச்சே வரல. நீ பாட்டுக்கு எதாச்சும் பேசு, கேட்டுக்கிட்டு இருக்கேன்னாரு. பேசினேன்."

"மாத்தி எழுதிடவாக்கா?"

"எதுக்கு? ஒங் கதையில இருக்கவ வேற ஆளு. அவ பாட்டுக்கு இருக்கட்டும்."

அறந்தாங்கி பஸ் வந்தது. சன்னலோரம் இடம் கிடைத்ததும் கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு எத்தனையோ கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். அந்தக் கதையை மட்டும் யார் கேட்டாலும் வேறொன்றை எடுத்துவிடுவேன்.

மச்சான் இப்போது ஊரோடு வந்துவிட்டார். இதை எழுதலாமா என்று இந்தத் தடவை முதலிலேயே கேட்டேன். அக்கா, "அவருகிட்ட கேளு" என்றாள். கொல்லையில் கடலைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, கையிலிருந்த செடியின் மண்ணை உதறினார்.

"எழுது. செத்தவரு பேரு மட்டும் போட்டுறாத. அவுக வீட்டுல படிச்சாலும் படிப்பாங்க."