மார்த்தா வைத்த நாடா

மகள் ஆன்லைனில் வாங்கிய கவுனைப் பிரித்ததும் முதல் வேலையாகக் கத்தரிக்கோலைத் தேடினாள். தோள்பட்டைக்கு உள்பக்கம் தைத்திருந்த மெல்லிய நாடா வளையங்கள் இரண்டையும் நறுக்கிக் குப்பையில் போட்டாள். எதற்கு என்று கேட்டேன். "ஹேங்கர்ல மாட்டுறதுக்கு வச்சிருக்காங்கம்மா. போட்டா வெளிய வெளிய எட்டிப் பார்க்கும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நாடா எதற்கு என்று இத்தனை வருஷமாக எனக்கு வேறொரு விடை தெரிந்திருந்தது. அந்த விடையை நம்பி எங்கள் ஊரில் பாதிப் பெண்கள் நைட்டி உடுத்தினார்கள். நீங்கள் சிரிப்பதற்கு முன்னால் முழுசாகக் கேட்டுவிடுங்கள்.

பிரித்த கவரிலிருந்து வந்த புதுத்துணி வாசனைதான் என்னைக் கோவில்பட்டிக்குக் கொண்டுபோனது. அங்கே அந்த வாசனையோடு வெல்லப்பாகு வாசனையும் கலந்திருக்கும். கீழே கடலைமிட்டாய் போடுகிறவர்கள், மாடியில் செல்வராணி அக்காவின் தையல்கடை. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோய், தொண்ணூறுகளின் நடுவில், நான் அங்கே காஜா எடுக்கவும் பட்டன் கட்டவும் சேர்ந்தேன். ஊசி என் கைக்கு வராது என்பது முதல் வாரமே எல்லோருக்கும் தெரிந்துபோனது. ஆனால் வாய் ஓயாது. மிஷின் சத்தத்துக்கு நடுவே பேச்சுத்துணைக்கு ஆள் வேண்டும் என்றுதான் அக்கா என்னை வைத்துக்கொண்டாள் என்று இப்போது தோன்றுகிறது.

அக்காவின் வீட்டுக்காரர் லாரியில் பம்பாய்ப் பக்கம் போனவர், அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டார். அதை அக்கா பஸ் நேரம் சொல்வதுபோலச் சொல்வாள். அக்காவுக்கு ரெண்டு பெண்பிள்ளைகள். யாராவது பாவப்பட்டு உச்சுக்கொட்டினால் அவர்கள் ஜாக்கெட் ஒருநாள் தாமதமாகத்தான் கிடைக்கும்.

அந்த வருஷங்களில்தான் நைட்டி ராத்திரியை விட்டு வெளியே வந்தது. தண்ணீர் பிடிக்க, பால் வாங்க, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட, பக்கத்துத் தெருத் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகக்கூட. (எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பேர். நானும் இப்போது ஆபீஸுக்குத்தான் போகிறேன், அந்தப் பெண்கள் பார்த்த வேலையில் கால்வாசி பார்ப்பேனா தெரியாது.) ஆனால் மேலே ஒரு தேங்காய்ப்பூ துண்டு போடாமல் வாசலைத் தாண்ட முடியாது. துண்டு கிடந்தால் அது வெளியே போகிற உடுப்பு, இல்லையென்றால் மானம் போகிற உடுப்பு. யாரும் போட்ட சட்டமில்லை, எல்லோரும் மதித்தார்கள். தொல்லை என்னவென்றால் துண்டு நழுவும். தீப்பெட்டி ஒட்டுகிறவளுக்கு ரெண்டு கையிலும் பசை. துண்டைப் பல்லால் கடித்து இழுத்து மேலே போட்டுக்கொள்வாள்.

அக்கா ஒருமுறை தூத்துக்குடி போனபோது, ரோட்டோரம் குவித்துப்போட்டு விற்ற வெளிநாட்டுப் பழந்துணியிலிருந்து ஒரு கவுன் எடுத்துவந்தாள். வெளிறிய நீலம், முழங்காலுக்குக் கீழே வரும் நீளம். போடுவதற்கு இல்லை, பிரித்துப் பார்ப்பதற்கு. கழுத்தில் ஒரு லேபிள். ஒரு சின்னக் குருவிப் படம், அதன் கீழே பேர். பின்பாதி நைந்துபோயிருந்தது. நான் எழுத்துக்கூட்டினேன். "மார்த்தா. அடியில நியூயார்க்னு போட்டிருக்குக்கா."

"கடைப் பேரா?"

"பொம்பள பேருக்கா. தச்சவ பேரு போல."

அக்கா லேபிளைத் தடவிப் பார்த்தாள். "தச்சவ பேரையா போடுதாவ?" என்றாள். அதற்கப்புறம் கொஞ்சநேரம் மிஷின் ஓடவில்லை.

அன்றிலிருந்து மார்த்தா எங்கள் கடையில் மூன்றாவது ஆள். அக்கா கவுனின் தையலை ஒவ்வொன்றாகப் பிரிப்பாள், பிரிக்கப் பிரிக்க மார்த்தாவின் வாழ்க்கை வெளியே வரும். பக்கத்தையலில் பை வைத்திருக்கிறாள், அப்படியானால் சில்லறைக்கு யாரிடமும் கையேந்தாதவள். கக்கத்தில் தாராளமாகத் துணி விட்டிருக்கிறாள், அப்படியானால் கையைத் தூக்கிக் கொடியில் துணி காயப்போட்டவள். "இவளுக்குப் புருசன் கெடையாதுட்டி" என்று ஒருநாள் அடித்துச் சொன்னாள். எப்படி என்றேன். "இருந்தா இம்புட்டு பொறுமையா தச்சிருக்க முடியுமா?" மொத்தத்தில் மார்த்தா நாளுக்குநாள் செல்வராணி அக்கா மாதிரியே ஆகிக்கொண்டு வந்தாள். நானும் என் பங்குக்கு அவளுக்கு ரெண்டு பெண்பிள்ளைகளைக் கொடுத்தேன்.

தோள்பட்டைக்குள் இருந்த நாடா வளையம் மட்டும் எங்களுக்குப் பிடிபடவில்லை. எங்கள் வீடுகளில் உடுப்பு கொடியில் கிடக்கும், இல்லை பெட்டிக்குள் கிடக்கும், மாட்டிவைக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. ஒருநாள் அக்கா மேலே கிடந்த துண்டை இழுத்துவிட்டுக்கொண்டவள், அப்படியே நின்றுவிட்டாள். "ஏட்டி, இது துண்டு சொருகுததுக்கு!"

"அமெரிக்காவுல துண்டு போடுவாவளாக்கா?"

"பின்ன? பொம்பள எங்கன இருந்தாலும் பொம்பளதான. ஆம்பள அங்கனயும் பாக்கத்தான செய்வான். அழகு கெட்டுரக் கூடாதுன்னு உள்ள ஒளிச்சு வச்சிருக்கா."

அக்கா ஒளிக்கவில்லை. நைட்டியின் ரெண்டு தோளிலும் வெளியே தெரிகிற மாதிரி, அதே துணியில் பட்டையாக வளையம் வைத்துத் தைத்தாள். துண்டை அதில் நுழைத்துவிட்டால் குனிந்தாலும் நிமிர்ந்தாலும் அசையாது. முதலில் பெட்டி ஒட்டுகிறவர்கள் கேட்டு வந்தார்கள். அப்புறம் பள்ளிவாசல் தெருவிலிருந்து வந்து, முக்கால் கை வைத்து, வளையத்தைப் பெரிசாகத் தைத்து வாங்கிப்போனார்கள். வளைய நைட்டி என்று பேராகிவிட்டது. மாடிப்படியில் எந்நேரமும் செருப்பு கிடந்தது.

அப்போதுதான் பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த அண்ணாச்சி மாடியேறி வந்தார். நல்ல மனுஷர், குரல் உயராது. "மொத்தமாத் தச்சுக் குடும்மா. துணி நான் தாரேன். கழுத்துல நம்ம கடை லேபிள் வச்சிரு" என்றார்.

"என் பேருதான் அண்ணாச்சி வைப்பேன்."

"நைட்டிக்கு யாரும்மா பேரு பாக்கப் போறா?"

"அப்பம் என் பேரு இருந்தா ஒங்களுக்கு என்ன?"

அண்ணாச்சி சிரித்துவிட்டுச் சம்மதித்தார். அக்கா அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் எனக்குக் கீழேயிருந்து கடலைமிட்டாய் வாங்கித் தந்தாள். தன் பேர் ஒரு துணியில் ஏற வேண்டும் என்பதைத் தவிர அவள் எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. ரேஷன் கார்டில்கூட வீட்டுக்காரர் பேருக்குக் கீழேதான் அவள் பேர்.

லேபிளை நெய்து வாங்க வேண்டும் என்று எங்களுக்கு யார் சொல்வது? எங்களுக்குத் தெரிந்த அச்சு சிவகாசி அச்சுதான். காலண்டர் முதல் கல்யாணப் பத்திரிகை வரை அங்கேதானே? சாட்டின் ரிப்பனில் ஊதா மையில் 'செல்வராணி, கோவில்பட்டி' என்று அச்சடித்து வாங்கிவந்தோம். குருவிக்குப் பதிலாக ஒரு மயில். மயில் என் யோசனை.

சித்திரை மாசம் நைட்டிகள் கடைக்குப் போயின. எங்கள் கரிசல்காட்டு வெயில் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வேர்வை பட்டதும் மை கரைந்தது. பெண்கள் ஒவ்வொருவராகப் பின்கழுத்தைக் காட்டிக்கொண்டு மாடியேறி வந்தார்கள். "ஏ ராணி, ஒன் பேர என் கழுத்துல பச்ச குத்திட்டியே!" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தோம், அக்காவும்தான். துவைத்த நைட்டிகளில் மயிலும் இல்லை, பேரும் இல்லை, வெறும் ரிப்பன்.

எல்லோரும் போனபிறகு மிச்ச ரிப்பனைச் சுருட்டிக்கொண்டே அக்கா அழுதாள். வீட்டுக்காரரைப் பற்றிப் பேசும்போது வராத அழுகை. நான் காஜா எடுக்கிற மாதிரி பாவனை செய்தேன். மறுநாள் அண்ணாச்சி வந்தார். கோபப்படவில்லை. தன் கடைப் பேர் நெய்த லேபிள் சுருளை மிஷின்மேல் வைத்தார். "இது சாயம் போவாதும்மா" என்றார். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கப்போகிற நேரம், பணம் வேண்டும். அக்கா சுருளை எடுத்து இழுப்பறைக்குள் போட்டாள். அந்த லேபிளோடுதான் வளைய நைட்டி சாத்தூர், கயத்தாறு, விளாத்திகுளம் என்று போனது.

நான் கல்யாணமாகிச் சென்னைக்கு வந்தேன். வெளியூரிலிருந்து ரெடிமேட் நைட்டி வந்து குவிந்தது, பெண்கள் சுடிதாருக்கு மாறினார்கள், அக்கா மிஷின்களை விற்றுவிட்டுக் கயத்தாறில் மகள் வீட்டோடு போய்விட்டாள்.

மகள் நாடாவை நறுக்கிய மறுநாள், ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில், மார்த்தா, நியூயார்க், குருவி என்று இன்டர்நெட்டில் தேடினேன். கிடைத்துவிட்டாள். ரயில் நிற்காத ஒரு சின்ன ஊரில் பிறந்தவள். அம்மாவின் மிஷினில் பழகி நியூயார்க் போய், வேறொருவர் கம்பெனியில் அவர் பேருக்கு வருஷக்கணக்கில் உடுப்பு வடிவமைத்திருக்கிறாள். வேலை செய்கிற பெண்களுக்குப் பை வைத்த கவுன் என்றால் அவள்தானாம். முதலாளியோடு சண்டைபோட்டு வெளியே வந்து, தன் பேரில் கம்பெனி தொடங்கினாள். இப்போது உயிரோடு இல்லை. அவளுடைய கவுன்களை ஒரு மியூசியத்தில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். புருஷன் இருந்திருக்கிறார், கடைசிவரைக்கும்.

அக்காவுக்கு போன் போட்டேன். நாடா ஹேங்கருக்கு என்றதும் மூச்சுமுட்டச் சிரித்தாள். மற்றதையும் சொன்னேன்.

"அவ பேரு சாயம் போகலயாட்டி?"

"இல்லக்கா. லேபிள நெய்து வாங்கியிருக்கா."

"வெவரமானவ" என்றாள்.

அக்கா தைத்ததில் ஒன்றாவது அவளிடம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம். வித்ததுபோக மிச்சம் எதற்கு என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. போன மாசம் ஊருக்குப் போனபோது அம்மாவின் பீரோவைக் குடைந்தேன். மாடிக்கடை இருந்த இடத்தில் செல்போன் ரிப்பேர் கடை. அண்ணாச்சி காலமாகி, அவர் ஜவுளிக்கடையும் மூடி வருஷங்களாகின்றன. கரிசல்காட்டில் அத்தனை பேர் உடுத்திய வளைய நைட்டியில் ஒன்றைக்கூட என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"என்னத்தட்டி தேடுத?" என்றாள் அம்மா.

சொன்னேன்.

"அதெல்லாம் கிழிஞ்சு, கரித்துணியாகி, அடுப்படி தொடைச்சு, அப்பமே போச்சு. அண்ணாச்சி கடை நைட்டின்னா அப்படி உழைக்கும்."

"அது ராணியக்கா தச்சதும்மா. நான்கூட காஜா எடுத்திருக்கேன்."

"ஆமா, தச்சது அவதான். அதுக்கென்ன, நைட்டி அண்ணாச்சி கடையதுல்லா" என்று சொல்லிவிட்டு அம்மா பீரோவைச் சாத்தினாள்.